வீட்டில் பீர் காய்ச்ச மால்ட் மூட்டை வாங்குகிறீர்களா? சேமித்து வைக்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே மூட்டைக் கணக்குக்கு வந்துவிடுவார்கள். 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் பீருக்கு ஏறக்குறைய 10 பவுண்டு அடிப்படை மால்ட், அதாவது பீருக்கான சர்க்கரையில் பெரும்பகுதியைத் தரும் முளைகட்டி உலர்த்திய பார்லி, வேண்டும். அதைப் பவுண்டு பவுண்டாக நிறுத்து வாங்கும் விலைக்கும் மூட்டையாக வாங்கும் விலைக்கும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி வித்தியாசம் வருவதுண்டு. விஸ்கான்சினின் பிரீஸ் மால்ட் ஆலையின் மூட்டை 50 பவுண்டு. ஜெர்மனியின் பாம்பெர்க்கிலிருந்து வரும் வேயர்மான் மூட்டை 25 கிலோ, அதாவது 55 பவுண்டு. எதை வாங்கினாலும் ஐந்து முறை காய்ச்சலாம்.

மிச்சமாகும் காசு மூட்டையைப் பிரித்த பிறகு எப்படி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாயைச் சுருட்டி ஒரு கிளிப் மாட்டி கராஜில் நிறுத்திவிட்டால், மூன்றாவது முறை காய்ச்சும்போதே பீரில் வித்தியாசம் தெரியும்.

தொடங்கும் முன் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வீட்டுத் தேவைக்குப் பீர் காய்ச்சுவதற்கான சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். வயதுவந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 கேலன் வரை காய்ச்சலாம், விற்கக் கூடாது. மாநிலங்களில் கடைசியாக அனுமதித்தவை மிசிசிப்பியும் அலபாமாவும், 2013இல். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம். எனவே இது அனுமதி உள்ள ஊரில் இருப்பவர்களுக்கான குறிப்பு.

நெல் வேறு, மால்ட் வேறு

தானியச் சேமிப்பு என்றதும் நமக்கு ஊர் நினைப்புதான் வரும். குதிர், பத்தாயம், சணல் சாக்கு, நடுவே கொஞ்சம் வேப்பிலை. அந்த அறிவு நெல்லுக்குச் சரி. நன்றாகக் காய்ந்த நெல்லிலேயே 12 முதல் 14 சதவீதம் ஈரம் இருக்கும். அது மூச்சு விடும் தானியம்; காற்று போய்வர வேண்டும், வெப்பம் உள்ளே தேங்கக் கூடாது.

மால்ட் என்பது பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூளையில் உலர்த்தியது. சூளையை விட்டு வெளியே வரும்போது அதில் 4 அல்லது 5 சதவீத ஈரம்தான் மிச்சம். சாதாரண அறைக் காற்றில் திறந்து வைத்தால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், வாரக்கணக்கில் கிடக்கும் மால்ட்டின் ஈரம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஆகவே நெல்லுக்குத் தேவையான காற்றோட்டம்தான் மால்ட்டுக்கு எமன். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் காரணம் தானாக விளங்கும்.

வேப்பிலையும் வேண்டாம், காய்ந்த மிளகாயும் வேண்டாம். இலையில் ஈரம் உண்டு. மிளகாயின் நெடி மால்ட்டில் ஏறினால் பீரிலும் வரும்.

ஈரம் ஏறிய மால்ட் நமத்த முறுக்கு மாதிரிதான்: பார்வைக்கு ஒன்றும் தெரியாது, கடித்தால்தான் தெரியும். மில்லில் போட்டால் நொறுங்காமல் நசுங்கும். நசுங்கிய மணியின் நடுவிலுள்ள மாவுக்கு வெந்நீர் சரியாகப் போய்ச் சேராது, சர்க்கரை குறையும். எடை போடும்போது தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கிறீர்கள், அது இன்னொரு நஷ்டம். வெப்பமும் சேர்ந்தால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் வலுவிழக்கும். புது மால்ட்டின் பிஸ்கட் மணம் போய் அட்டைப்பெட்டி வாசம் வரும்.

படி 1: எவ்வளவு வாங்குவது

முழு மணியாக, மூடிய பாத்திரத்தில், குளிர்ச்சியான இடத்தில் இருக்கும் அடிப்படை மால்ட் ஓர் ஆண்டு தாங்கும். அதற்கு மேலும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மணம் இறங்கத் தொடங்கியிருக்கும். எனவே எட்டு, பத்து மாதத்தில் தீரக்கூடிய அளவே வாங்குங்கள். மாதம் ஒரு முறை காய்ச்சுகிறவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூட்டை போதும்.

ஊரிலுள்ள காய்ச்சுவோர் சங்கங்கள் சேர்ந்து பேலட் (மூட்டைகளை அடுக்கி அனுப்பும் மரத்தட்டு) கணக்கில் வாங்கிப் பிரித்துக்கொள்வதுண்டு. விலை அருமையாக இருக்கும். ஆனால் ஒரு மூட்டையை நான்கு பேர் பிரிக்கும் பங்கில் சேர்வதை நான் விரும்புவதில்லை. யாரோ ஒருவர் கராஜில் அது எத்தனை நாள் வாய் திறந்து கிடந்தது என்று நமக்குத் தெரியாது. முழு மூட்டையாக, தையல் பிரிக்காமல் வாங்குங்கள்.

மில் இல்லாதவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கடையில் அரைத்துத் தருவார்கள், ஆனால் மூட்டை முழுவதையும் அரைத்து வாங்கிவிடாதீர்கள். உமி உடைந்து மாவு வெளியே வந்ததும் அதிலுள்ள கொழுப்பு காற்றோடு சேர்ந்து கெட ஆரம்பிக்கும்; ஈரமும் பல மடங்கு வேகமாக ஏறும். அரைத்த மால்ட்டுக்கு ஆயுள் வாரக்கணக்கில்தான். மூட்டை வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒரு கை மில் வாங்குங்கள். இரண்டு மூட்டையில் மிச்சமாகும் காசில் அதன் விலையில் பெரும் பங்கு வந்துவிடும்.

படி 2: மூட்டை வந்ததும் சோதனை

வீட்டுக்குள் கொண்டுபோகும் முன், வெளியிலேயே தையல் ஓரங்களைப் பாருங்கள். நூலாம்படை மாதிரி மெல்லிய வலை தெரிந்தால் அந்துப்பூச்சிப் புழு இருக்கிறது. குண்டூசித் துளைகள் இருந்தால் வண்டு. ஓரம் கிழிந்து துணுக்குகள் சிந்தியிருந்தால் எலி. அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள், பேரமே வேண்டாம்.

மூட்டையில் அச்சிட்ட லாட் எண்ணை, அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். பல மால்ட் ஆலைகள் அந்த எண்ணுக்கான ஆய்வு அறிக்கையைத் தருகின்றன. புறப்பட்டபோது இருந்த ஈரம் அதில் இருக்கும். பிறகு ஒப்பிட அது உதவும்.

தையலைக் கத்தியால் அறுக்காதீர்கள். அரிசி மூட்டையில் உள்ள அதே சங்கிலித் தையல்தான். ஒற்றை நூல் தெரியும் பக்கத்தை உங்களைப் பார்க்க வைத்து, வலது ஓர முடிச்சை வெட்டி இழுத்தால் சர்ரென்று மொத்தமும் பிரிந்து வரும். வராவிட்டால் மறு ஓரத்தில் முயலுங்கள்.

பிரித்ததும் ஒரு கைப்பிடி எடுத்து மோந்து பாருங்கள், நான்கு மணியை வாயில் போட்டுக் கடியுங்கள். மொறுமொறுவென்று உடைந்து, லேசாக இனிக்க வேண்டும். பிறகு இரண்டு குவளை அளவு சல்லடையில் சலித்து, கீழே விழுந்த தூளை வெள்ளைத் தட்டில் பரப்பிச் சில நிமிடம் பாருங்கள். எதுவும் நகரக் கூடாது.

படி 3: பாத்திரம்

ஒரு லிட்டர் இடத்தில் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான மால்ட் கொள்ளும். இந்தக் கணக்குப்படி 5 கேலன் வாளியில் 10 கிலோ. 25 கிலோ மூட்டைக்கு இரண்டரை வாளி. எல்லோரும் இரண்டு வாளி வாங்கிவிட்டு மிச்ச 5 கிலோவை மூட்டையிலேயே விட்டுவிடுவார்கள். மூன்றாகவே வாங்குங்கள். அந்த அரை வாளிதான் முதலில் தீர்க்க வேண்டியது.

உணவுத் தர வாளியாக இருக்க வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருப்பது எச்டிபிஇ பிளாஸ்டிக் என்பதற்குத்தான் அடையாளம். உணவுத் தரம் என்பதற்கு அது மட்டும் போதாது. கோப்பையும் முட்கரண்டியும் உள்ள குறியையோ, உணவுக்கு உகந்தது என்ற எழுத்தையோ தேடுங்கள். கட்டடச் சாமான் கடையின் வண்ண வாளிகளைத் தவிர்க்கலாம். பேக்கரிகளில் ஐசிங் வரும் வாளிகள் சும்மாவோ ஒன்றிரண்டு டாலருக்கோ கிடைக்கும். கழுவினால் வாசம் போய்விடும். ஊறுகாய் வந்த வாளியை மட்டும் எடுக்காதீர்கள். அந்த வாசம் பிளாஸ்டிக்கை விட்டுப் போகவே போகாது.

வாளியோடு வரும் சாதாரண மூடி நன்றாகவே அடைக்கும், ஆனால் மாதாமாதம் திறக்க நகம் பெயரும். திருகித் திறக்கும் காமா சீல் மூடி வாங்குங்கள். வளையத்தை வாளி வாயில் வைத்து ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பொருத்த வேண்டும். அதன் மரைகளில் மால்ட் தூசி படிந்தால் ரப்பர் வளையம் சரியாக உட்காராது. ஒவ்வொரு முறை மூடும் முன்பும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

மூட்டை முழுவதும் ஒரே இடத்தில் கொள்ளும் பெரிய நாய்த்தீவனப் பெட்டிகளும் உண்டு. வசதிதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் மொத்த மால்ட்டையும் திறக்கிறீர்கள்; பூச்சி வந்தால் மொத்தமும் போகும். எனக்கு வாளிகளே மேல். எலித் தொல்லை உள்ள வீடென்றால் பிளாஸ்டிக்கை நம்ப முடியாது, கடித்துவிடும். அங்கே வாளிகளை மூடியுள்ள தகர டிரம்முக்குள் வையுங்கள்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமா என்று கேட்பார்கள். ஒரு சின்னக் கணக்கு. 10 கிலோ மால்ட்டின் ஈரம் 4 சதவீதத்திலிருந்து 6 ஆக ஏற 200 கிராமுக்கு மேல் தண்ணீர் உள்ளே வந்திருக்க வேண்டும். அதைச் சில கிராம் பொட்டலம் எப்படித் தடுக்கும்? உண்மையில் அவ்வளவு உலர்ந்த மால்ட்டே ஒரு சிலிக்கா ஜெல்தான். மறுபக்கம் பார்த்தால், நிரம்பிய வாளிக்குள் தானியத்தின் இடுக்குகளில் இருக்கும் 8 லிட்டர் காற்றில், மழைநாளில்கூட கால் கிராம் ஈரம்தான் இருக்கும். ஆகவே ஒரு நிமிடம் திறந்து மூடுவதால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் கசியும் மூடிதான் கெடுக்கும். பொட்டலத்துக்குச் செலவழிப்பதை மூடிக்குச் செலவழியுங்கள்.

படி 4: பூச்சிக்கு உறைநிலை

ஈரம் குறைந்த மால்ட்டில் நம் அரிசியில் வரும் கூன்வண்டு எளிதில் பெருகாது. அதற்குக் கொஞ்சமாவது ஈரமான மணி வேண்டும். ரம்ப முனை வண்டும் அந்துப்பூச்சியும் அப்படியல்ல. இவற்றுக்கெல்லாம் மேலே கப்ரா வண்டு. நம் துணைக்கண்டத்தைச் சொந்த ஊராகக் கொண்ட அது, 2 சதவீத ஈரமுள்ள தானியத்திலும் வாழும். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் மால்ட் ஆலைகளையே அலைக்கழித்திருக்கிறது. இந்தியாவிலிருந்து பயணப் பெட்டியில் அரிசி கொண்டுவர அமெரிக்கா தடை விதித்திருப்பது இந்த வண்டுக்குப் பயந்துதான். அம்மா கட்டிக் கொடுத்தாலும் அரிசியை விட்டுவிட்டு வாருங்கள்.

ஆலையிலிருந்து வரும் மால்ட் பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். பூச்சி நம் சமையலறையிலிருந்து போவதுதான் அதிகம்: திறந்த சோனா மசூரி மூட்டை, மறந்துபோன ரவை, கடலை மாவு. மால்ட்டை அவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் உறைய வையுங்கள். வாளியோடு ஃப்ரீசரில் வைத்தால் நடுப்பகுதி குளிர நாட்கள் ஆகும், தானியம் வெப்பத்தை அவ்வளவு மெதுவாகத்தான் விடும். இரண்டு, மூன்று கிலோப் பைகளாகக் கட்டி, காற்றை அழுத்தி வெளியேற்றி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வைத்தால் முட்டை முதல் வண்டு வரை செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஓர் இரவு அப்படியே விட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். குளிர்ந்த மணியில் காற்று பட்டால் வேர்த்துவிடும். பூச்சியைக் கொல்லப்போய் நமத்துப்போக விட்ட கதையாகும்.

கெக் (பீரை வாயு அழுத்தத்தில் வைக்கும் உலோகக் கலம்) வைத்திருப்பவர்கள் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரிலிருந்து வாளிக்குள் வாயுவை நிரப்புவதுண்டு. குழாயை அடிவரை செருகி மெதுவாகத் திறந்தால் கனமான வாயு கீழிருந்து காற்றைத் தள்ளும். அது பூச்சியைக் கொல்ல, அடர்த்தி குறையாமல் வாரக்கணக்கில் நிற்க வேண்டும். திருகு மூடி அவ்வளவு நாள் பிடித்துவைக்காது. கெடுதல் இல்லை, நம்பவும் வேண்டாம். செய்வதென்றால் கதவைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், சின்ன அறையில் அந்த வாயு உயிருக்கே ஆபத்து. உலர்பனிக்கட்டியை (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வாளிக்குள் போட்டு இறுக மூடும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், வாளி வெடிக்கும்.

படி 5: நிரப்புதல், பெயர் எழுதுதல்

காய்ந்த நாளாகப் பார்த்து, ஏசி ஓடும் அறையில் நிரப்புங்கள். வாளி எலும்பு போல் உலர்ந்திருக்க வேண்டும். கழுவியிருந்தால் ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து வையுங்கள். விளிம்புவரை நிரப்பி, இரண்டு முறை தரையில் தட்டி, இறங்கிய இடத்தையும் நிரப்புங்கள். தூசி பறக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

பில்ஸ்னர், இரட்டை வரிசை, வியன்னா என்ற மூன்று மால்ட் வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணும் தடுமாறும். மால்ட்டின் பெயர், ஆலை, லாட் எண், பிரித்த தேதி, நிறம் எத்தனை லோவிபாண்ட் (மால்ட்டின் நிற அளவு) என்பதையெல்லாம் ஒரு தாள் நாடாவில் எழுதி வாளியின் உடலில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டாதீர்கள். மூடிகள் இடம் மாறும்.

படி 6: எங்கே வைப்பது

ஹூஸ்டன் கராஜ் கோடையில் 40 டிகிரியைத் தொடும், காற்றிலும் ஈரம் சொட்டும். அங்கே மால்ட்டுக்கு இடமில்லை. வீட்டுக்குள் ஏசி எட்டும் துணி அலமாரியின் அடித்தட்டு போதும். மினசோட்டா மாதிரிக் குளிர் ஊர்களில் நிலவறை நல்ல இடம். ஆனால் கான்கிரீட் தரையில் ஈரம் ஏறும், பலகையின் மேல் வாளியை வையுங்கள். 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் பூச்சி பெருகுவது கிட்டத்தட்ட நின்றுவிடும். 30 டிகிரியை ஒட்டினால் அதற்குக் கொண்டாட்டம்.

வாட்டர் ஹீட்டர், துணி உலர்த்தும் இயந்திரம், பெட்ரோல், பெயிண்ட் டப்பா ஆகியவற்றின் பக்கம் வேண்டாம். பிளாஸ்டிக் வழியாகவும் வாசம் போகும்.

படி 7: சிறப்பு மால்ட்டுகள்

நிறத்துக்கும் சுவைக்கும் சேர்க்கும் கிரிஸ்டல், சாக்லேட், கறுப்பு மால்ட் எல்லாம் ஒரு காய்ச்சலுக்கு அரைக் கிலோகூடத் தேவைப்படாது. மூட்டையாக வாங்காதீர்கள், மலிவு என்று வாங்கிய 25 கிலோ சாக்லேட் மால்ட் தீர வருடங்கள் ஆகும், அதற்குள் வறுத்த மணம் பறந்துவிடும். இரண்டு கிலோ வாங்கிக் கண்ணாடி ஜாடியில் வைத்தால் போதும். வெற்றிடப் பையில் அடைப்பதானால் இரட்டைப் பையாகப் போடுங்கள், உமியின் கூர் நுனி பையைக் குத்தித் துளைத்துவிடும். ஓட்ஸ் அவலில் கொழுப்பு அதிகம், சீக்கிரம் சிக்கு வாடை வரும். தேவைக்கு வாங்குவதே நல்லது.

படி 8: காய்ச்சும் நாளில்

தேவையானதை நிறுத்து எடுத்ததும் வாளியை மூடிவிட்டு அப்புறம் மற்ற வேலையைப் பாருங்கள். அடுப்பில் வெந்நீர் கொதித்து ஆவி பறக்கும் அறையில் வாளியைத் திறந்து வைக்காதீர்கள். ஒரு வாளி தீர்ந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

மில்லின் உருளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 1 மில்லிமீட்டர் சுற்றி இருப்பது வழக்கம். கிரெடிட் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், ஒப்பிட அது கைவசம் இருக்கும். அரைப்பதை வெளியிலோ கராஜிலோ செய்யுங்கள். உமித் தூசியில் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா நிறைய உண்டு. நொதித்துக்கொண்டிருக்கும் பீர் இருக்கும் அறையில் அந்தத் தூசி பறந்தால் பீர் புளிக்கலாம். காலி செய்த வாளியின் அடித்தூளைக் கொட்டித் துடைத்துவிட்டுத்தான் புது மூட்டையை நிரப்ப வேண்டும், பழைய தூளில்தான் பூச்சி ஒளிந்திருக்கும்.

படி 9: அவ்வப்போது சோதனை, கெட்டால் என்ன செய்வது

மாதம் ஒரு முறை நான்கு மணி கடித்துப் பாருங்கள், அதைவிட எளிய கருவி இல்லை. கருவிதான் வேண்டும் என்றால் ஒரு சின்ன ஈரமானியை வாளிக்குள் போட்டு ஒரு நாள் விட்டு எடுங்கள். 30 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நிம்மதி. 40ஐத் தாண்டினால் மூடியைச் சந்தேகியுங்கள்.

லேசாக நமத்ததை மீட்கலாம். உணவு உலர்த்தும் கருவியில் 50 டிகிரியில் சில மணி நேரம் பரப்பி வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். அமெரிக்க அடுப்புகளின் குறைந்த சூடே பெரும்பாலும் 75 டிகிரிக்கு மேல் என்பதால், ஈரமான மால்ட்டை அதில் வைத்தால் நொதிகள் அடிபடும். மணம் மட்டும் திரும்பாது. அதை ஸ்டவுட் மாதிரிக் கறுப்பு பீருக்கு ஒதுக்கி, கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாலைந்து வண்டு தெரிந்தால் சலித்து, உறைய வைத்துப் பயன்படுத்துவோர் உண்டு. அதில் தவறு ஒன்றும் காணவில்லை. வலை கட்டி, கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் கோழி வளர்க்கிறவர் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

பூஞ்சை மட்டும் சமரசமில்லாத விஷயம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு எந்த நிறத்தில் தெரிந்தாலும், பழைய நிலவறை வாசம் அடித்தாலும் சுவைத்துக்கூடப் பார்க்காதீர்கள். பூஞ்சை விடும் நச்சுகள் கொதிக்க வைத்தாலும் அழியாது, கோழிக்கும் ஆகாது. மொத்தமாகக் குப்பையில் கொட்டி, வாளியை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்து, மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டு அடுத்த மூட்டையை வாங்குங்கள்.